கால் அடைபட்ட குளம்: குமரி மாவட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

கல்குளம் தாலுகாவில் எங்கள் ஊருக்கு நடுவே ஏறக்குறைய மூன்று ஏக்கரில் ஒரு குளம் இருக்கிறது. 2021-க்குப் பிறகு மூன்று வருஷம் அது நிறையவில்லை. மழை பொய்த்த வருஷங்கள் என்றும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது, பாசனச் சானலில் கரை தொட்டுத் தண்ணீர் போனது, எங்கள் குளத்தில் மட்டும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. படித்துறையில் கடைசி நான்கு படி நனையவே இல்லை. கரையோரக் கிணறுகள் மாசி மாசத்திலேயே வற்றத் தொடங்கின.

அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வரும் காலை (வாய்க்காலை எங்கள் பக்கம் கால் என்றுதான் சொல்வோம்) எப்படிக் கண்டுபிடித்துத் திறந்தோம், அதற்கு எந்தெந்த இணையதளம் உதவியது, எது உதவவில்லை, எங்கே நாங்களே தப்பு செய்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரும் அலுவலகங்களின் பெயரும் இதில் இருக்காது. இந்த விஷயத்தில் ஒரு மனிதர் மேல் வீண் பழி விழுந்தது, அதை மறுபடியும் கிளற எனக்கு மனமில்லை.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம், சாதிச் சான்று என்று நாள் முழுக்க ஊருக்கே அச்செடுத்துக் கொடுக்கிறவன். அப்படி இருந்தும், ஊர்க் குளத்தின் சர்வே எண் என்ன என்று 2023 ஜனவரி வரைக்கும் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. வீட்டு மனைக்கு ஒரு சென்ட் குறைந்தால் கோர்ட் வரைக்கும் போகிற ஊர் இது.

முதல் மனு

2022 ஆகஸ்டில் அரசின் குறைதீர் தளம் ஒன்றில் மனு போட்டோம். 'எங்கள் குளம் தூர்ந்து கிடக்கிறது, தூர்வாரித் தர வேண்டும்', அவ்வளவுதான். மூன்று வாரத்துக்குள் பதில் வந்துவிட்டது: நிதி கிடைக்கும்போது பரிசீலிக்கப்படும். மனு முடிக்கப்பட்டதாகவும் காட்டியது. ஊர்க்காரர்கள் சேர்ந்திருந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் கோபம். அதே மனுவை வேறு வேறு பெயர்களில் மூன்று தடவை போட்டோம், மூன்றுக்கும் அதே பதில்.

இப்போது யோசித்தால், அவர்கள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்கள். நோய் என்னவென்று பார்க்காமல் நாங்கள் மருந்து கேட்டிருக்கிறோம். மனுவில் சர்வே எண் இல்லை, எந்தத் துறையின் குளம் என்பதும் இல்லை, எந்த வருஷத்திலிருந்து நிறையவில்லை என்றுகூட எழுதவில்லை. அப்படி ஒரு மனுவை வைத்துக்கொண்டு ஒரு நல்ல அதிகாரிகூட என்ன செய்துவிட முடியும்?

யாருடைய குளம் என்கிற கேள்வி எங்கள் மாவட்டத்தில் லேசான கேள்வி கிடையாது. தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள குளம் நீர்வளத்துறையிடமும் அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். குமரியிலோ கோதையாறு பாசனம் என்று ஒன்று இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் தொடங்கி, சானல் சானலாகப் பிரிந்து, வழியில் உள்ள குளங்களை நிரப்பிக்கொண்டே போகிற ஏற்பாடு அது. அதனால் சின்னச் சின்னக் குளங்கள்கூட ஏராளமாக நீர்வளத்துறையின் கணக்கில் இருக்கின்றன, இரண்டாயிரத்துக்கு மேல். மற்ற மாவட்டத்துக்காரர்கள் எழுதிய வழிகாட்டியை அப்படியே பின்பற்றினால் மனு தப்பான மேசைக்குத்தான் போகும்.

வானத்திலிருந்து பார்த்தது

பக்கத்து வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். கம்ப்யூட்டரில் திறந்து, மேலே கடிகாரம் போல இருக்கிற குறியை அழுத்தினால் தேதி வாரியாகப் படங்கள் வருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். குளம் பச்சையாக, நிறைந்து கிடந்த படங்கள் இருந்தன. அப்புறம் 2021-க்குப் பிந்தைய படங்களில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும். அதாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து குறைந்ததாகத் தெரியவில்லை, ஒரே வருஷத்தில் விழுந்திருக்கிறது. அந்த வருஷம் என்னவோ நடந்திருக்கிறது.

ஆனால் கால் எங்கே போகிறது என்பதை அந்தப் படங்களில் பார்க்கவே முடியவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், தென்னை. எங்கள் ஊரை மேலிருந்து பார்த்தால் ஓலைதான் தெரியும். அதுக்குக் கீழே வீடு இருக்கிறதா, தோடு (ஓடை) இருக்கிறதா, ஒன்றும் புரியாது.

அப்போதுதான் ஊர்ப் பெரியவரான பாட்டாவை (தாத்தாவை) கூப்பிட்டோம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வயலுக்கு மடை திறந்துவிடுகிற வேலையை முப்பது வருஷம் பார்த்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தவர், அவள் விரல் வைத்த இடத்தைத் தள்ளிவிட்டு, "மக்களே, கால் அங்க இல்ல. மேக்க வந்து, பாறையச் சுத்தி இப்பிடியில்லா வளையும்" என்று நகத்தால் ஒரு கோடு இழுத்தார். நாங்கள் நினைத்திருந்த இடத்துக்கும் அவர் காட்டிய இடத்துக்கும் நடுவே நூறடியாவது இருக்கும்.

அவர் சொன்னதை எப்படிச் சரிபார்ப்பது? படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது 2018 தொடக்கத்தில் எடுத்த ஒரு படத்தில் அந்த இடம் மட்டும் வெட்டவெளியாகக் கிடந்தது. ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு அந்தத் தோப்பில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. மரம் இல்லாத அந்த மண்ணில், பாட்டா நகத்தால் இழுத்த அதே வளைவில், மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு சானலில் தொடங்கி ரோடு வரைக்கும் வந்திருந்தது. பாட்டா ஒன்றும் பேசவில்லை. அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புயலில் போனதில் பதினாறு தென்னை அவருடையது.

காகிதத்தில் இருந்தது

படம் மட்டும் போதாது, நில ஆவணம் வேண்டும். வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (எந்த நிலம் எந்த வகை என்று காட்டும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்பது கடையில் தினமும் நான் செய்கிற வேலை. இங்கே ஒரு சிக்கல் வந்தது. அந்தத் தளம் கேட்பது வருவாய்க் கிராமத்தின் பெயரை. நாம் வீட்டு முகவரியில் எழுதுகிற ஊர்ப் பெயர் வேறு, வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறு. பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரின் பட்டாவைப் பார்த்து அந்தப் பெயரைப் பிடித்தோம், அவர் பட்டாவில் இருந்த சர்வே எண்ணிலிருந்து முன்னும் பின்னும் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து, ஒன்பதாவது எண்ணில் 'குளம்' என்று வந்தது. அரசுப் புறம்போக்கு. இன்னும் இரண்டு எண் தள்ளி 'ஓடை'. அந்த எண்ணின் புலப்படத்தை அச்செடுத்தால், பாறையைச் சுற்றி அதே வளைவு. அகலம் இரண்டரை மீட்டர் என்று போட்டிருந்தது.

இவ்வளவும் செய்ய எங்களுக்கு ஆனது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ஐந்து மாசம் நாங்கள் செய்தது ஒரே மனுவைத் திரும்பத் திரும்பப் போட்டது.

எங்கள் தப்பு

அந்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், காலின் ஓரத்தில் வாழை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியின் படத்தைப் போட்டு, இவர்தான் காலை மூடிவிட்டார் என்று எழுதிவிட்டார். பத்து நிமிஷத்தில் அது மூன்று குழுவுக்குப் போய்விட்டது. அளந்து பார்க்கவே இல்லை, புலப்படம் அப்போது என் கையில் இருந்தும் நான் அதைத் தடுக்கவில்லை. பிறகு பார்த்தால் அவருடைய வரப்பு ஓடை எல்லையிலிருந்து இரண்டடி தள்ளி, அவர் நிலத்துக்குள்ளேயே சரியாக நின்றது. அவர் ஒரு அடிகூட எடுக்கவில்லை. அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள், அந்தப் படம் அவளுக்கும் போயிருக்கிறது.

நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். உட்காரச் சொல்லவில்லை, அதில் நியாயம் இருந்தது. அந்தப் படத்தை அனுப்பிய மூன்று குழுவிலும் அதே இடத்தில், தப்பான தகவல் என்று புலப்படத்தோடு போட்டோம். அதன்பிறகு எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஆளின் பெயரோ முகமோ போடக் கூடாது, சர்வே எண்ணும் ஆவணமும் மட்டும் போடலாம். இதை மற்ற ஊர்க்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன். குளம் இன்னொரு மழையில் நிறையும். ஊரில் ஒருவரைத் தலைகுனிய வைத்தால் அதை எந்த மழையும் சரி பண்ணாது.

ரோடு யாருடையது

ஓடை ரோட்டில் முட்டி நிற்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் குளம். முன்னே அங்கே ஒரு கல்பாலம் இருந்தது, அதுக்கடியில் பிள்ளைகள் மீன் பிடிப்பார்கள். 2021-இல் ரோட்டை உயர்த்திப் போட்டபோது கல்பாலத்தை எடுத்துவிட்டு ஒரு குழாய் வைத்தார்கள். இது ஊரில் எல்லாரும் கண்ணால் பார்த்ததுதான், அதையும் குளத்தையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஊராட்சி வேலையாக இருக்கும் என்று நினைத்து ஈ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் தேடினோம். 2020-இல் வந்த தளம் இது. எந்த ஊராட்சியும் என்ன வேலைக்கு எவ்வளவு பணம் கொடுத்தது என்று லாகின் இல்லாமலே பார்க்கலாம், நல்ல தளம். ஆறு சாயங்காலம் தேடியும் எங்கள் ரோடு அதில் இல்லை. சரி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு மனு அனுப்பினோம், பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். அங்கிருந்து வந்தது பதில் இல்லை, ஒரு மாற்றல் கடிதம். சட்டத்தின் 6(3) பிரிவின்படி மனுவைப் பக்கத்துப் பேரூராட்சிக்கு அனுப்பியிருப்பதாக. அந்தக் கடிதத்தில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது: ரோடு பேரூராட்சியுடையது. குளம் ஊராட்சியில், ரோடு பேரூராட்சியில், தண்ணீர் நீர்வளத்துறையில், ஓடை வருவாய்த் துறையில்.

2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்ட ஜனங்களில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறத்துக்காரர்கள். படித்தவர்கள் 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். நகர்ப்புறம் என்றால் நாகர்கோவில் மாதிரி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நிஜத்தில் அதில் பெரும்பாலும் வயலும் தோப்பும் ரப்பரும் நிறைந்த பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது, நூறு நாள் வேலை கிடையாது, ஈ-கிராம் ஸ்வராஜில் அவற்றின் கணக்கும் வராது. வேலியின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு. நம் வீடு எதில் இருக்கிறது என்பதை வீட்டு வரி ரசீதில் பார்த்துக்கொண்டு தொடங்கினால் எங்களைப் போல ஆறு சாயங்காலத்தை இழக்க வேண்டியிருக்காது.

மாற்றலாகிப் போன மனுவுக்கு மே மாசம் பதில் வந்தது. நாங்கள் கேட்டிருந்தது: 'ஏன் குளத்துக்குத் தண்ணீர் போகவில்லை? யார் பொறுப்பு?' பதில்: காரணம் கேட்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது. கோபம் வந்தது, பிரிவு 2(எப்)-ஐ எடுத்துப் படித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கத்தைக் கேட்க முடியாது. ஜூனில் மறுபடி எழுதினோம். அதை இங்கே அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும்:

'இந்தச் சர்வே எண் ஓடையைக் கடக்கும் சாலையில் 2020 முதல் 2022 வரை நடந்த பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், அகற்றப்பட்ட பாலம் குறித்த குறிப்பு ஏதேனும் கோப்பில் இருப்பின் அது, ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். பிரிவு 2(ஜே)-இன்படி கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்.'

பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் பதினொரு பக்கத்துக்கு இருபத்திரண்டு ரூபாய் கட்டினோம். முப்பது நாளுக்குள் வந்துவிட்டது. அந்த மதிப்பீட்டைப் படித்தது பாலிடெக்னிக் பெண்தான். தார், ஜல்லி, அகலம், நீளம் எல்லாம் இருந்தது. கால் இருக்கும் இடத்தில் '300 மி.மீ. குழாய், எண்ணிக்கை 1' என்று ஒரே வரி. மட்டம் எடுத்த கணக்கே இல்லை. நாங்கள் நேரில் போய் அவளுடைய லெவல் டியூபை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து அளந்தோம். குழாயின் அடிப்பக்கம் ஓடைத் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. ஓடையில் ஒன்றரை அடி தண்ணீர் சேர்ந்தால்தான் முதல் சொட்டே குளத்துப் பக்கம் போகும், அதற்குள் தண்ணீர் தோப்புகளில் பரவிவிடும். யாரும் ஆக்கிரமிக்கவில்லை, யாரும் வேண்டுமென்றே மூடவும் இல்லை. அங்கே ஒரு கால் ஓடுகிறது என்று மதிப்பீடு போட்டவருக்குத் தெரியவில்லை, ஊரில் யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. புலப்படம் அப்போதும் அதே தளத்தில்தான் இருந்தது.

மனுவிலிருந்து பாலம் வரை

2023 அக்டோபர் 2 கிராம சபையில், குளத்துப் பக்கத்து ஊராட்சியில், தீர்மானம் போட்டோம். தீர்மானத்தின் நகல், புலப்படம், அ-பதிவேடு, மதிப்பீட்டில் அந்த ஒரு பக்கம், இரண்டு வருஷத்துக் குளப் படங்கள், எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம், அதே மனுவை இணையத்திலும் ஏற்றினோம். ஒரே பக்கத்தில் முகப்புக் கடிதம், அதில் ஒரே கோரிக்கை: ஓடையை அளந்து, ரோட்டுக்கு அடியில் பழைய மட்டத்தில் பாலம்.

டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழை எங்களுக்கும் வந்தது. அதே குழாய் இருக்கும் இடத்தில் ரோட்டில் முழங்கால் தண்ணீர், குளத்தில் பாதிகூட இல்லை. தேதியும் இடமும் படத்திலேயே பதிகிற கேமரா ஆப்பில் எடுத்து மனு எண்ணோடு அனுப்பினோம். ஜனவரியில் நில அளவர் வந்தார். பாட்டா கம்பை ஊன்றிக்கொண்டு முன்னே நடந்தார், சங்கிலி பின்னால் போனது. பாறைக்குக் கிழக்கே சருகைத் தள்ளியபோது பழைய எல்லைக்கல் ஒன்று கிடைத்தது. வாழைத்தோட்டத்து அண்ணாச்சி அன்றைக்குத் தானாகவே வந்து, தன் வரப்புப் பக்கம் மண் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் 2024 மார்ச் 16-இல் தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிட்டன, ஜூன் வரைக்கும் புதிய வேலை எதுவும் இல்லை. குழுவில் பலர் சோர்ந்துபோனார்கள், சிலர் விலகியும் விட்டார்கள். கன்னிப்பூ (முதல் போக நெல்) போயிற்று. ஆகஸ்டில் குழாயைத் தோண்டி எடுத்து, கான்கிரீட்டில் சதுரப் பாலம் வைத்தார்கள், ஓடைத் தரையின் மட்டத்திலேயே. இளம் பொறியாளர் ஒருவர் புலப்படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழுக்க நின்றார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகத்துக்கு) தண்ணீர் விட்டபோது குளத்தில் கடைசிப் படிக்கு ஒரு படி கீழே வரை ஏறியது. 2025 மாசியில் எங்கள் வீட்டுக் கிணற்றில் எட்டு உறை தண்ணீர் இருந்தது. நெல் வயல் என்று மிஞ்சியிருப்பது நாலே நாலு கண்டம், மற்றதெல்லாம் வாழையாகிவிட்டது, அதை எந்தப் பாலமும் திருப்பித் தராது.

எங்கள் அனுபவத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே சேர்த்துவிடுகிறேன். தகவல் மனுவுக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதிலும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இணையத்தில் மனு அனுப்ப மாநிலத்துக்கு ஒரு தளம் உண்டு, நமக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் தபால்தான். நிஜமாகவே ஆக்கிரமிப்பு இருந்தால் 2014 டிசம்பரில் வந்த வருவாய்த் துறை அரசாணை 540-ஐ மனுவில் குறிப்பிடலாம், ஆக்கிரமிப்புப் புகாரை விசாரிக்கும் வழிமுறை அதில் இருக்கிறது. பொதுக் குளங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பை இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் ஊருக்குப் படித்துச் சொன்னால் போதும்.

காலின் பாதையை அந்தப் பெண் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து ஏற்றியிருக்கிறாள். பெயர் போடும் கட்டத்தில் பாட்டா சொன்ன பழைய பெயரைத் தமிழிலேயே போட்டாள். அந்தப் பெயரை அதற்கு முன் எந்தக் காகிதத்திலும் நாங்கள் பார்க்கவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் என்பதால் அது சான்றாகாது, ஆனாலும் அடுத்த தடவை ரோடு போட வருகிறவர் போனைத் திறந்தால் அங்கே ஒரு நீலக் கோடு தெரியும்.

குளத்தின் மறுகால் (நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) இன்னும் அடைபட்டே இருக்கிறது. அதன் சர்வே எண்ணை எடுத்துவிட்டோம், புலப்படமும் கையில் இருக்கிறது. மதிப்பீட்டு நகல் கேட்டுப் போன மாசம் அனுப்பிய மனுவுக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி.